படிப்போரும் பயன் சொல்வோரும்: பெண்களின் நாடக எழுத்தும் வடமராட்சி வாசிப்பு மரபும்

யாழ்ப்பாணத்துச் சைவ ஆலயங்களிற் கந்தபுராணம் படிக்கப்படும் முறையை நேரிற் கண்டவர்கள், அது இருவர் கூடிச் செய்யும் காரியம் என்பதை அறிவர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றவர் பயன் சொல்வார். ஊரவர் சுற்றியிருந்து கேட்பர். சொல் பிழைத்தால், கேட்டிருக்கும் முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமித் திருத்துவதும் உண்டு. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணமும் இவ்வாறே படிக்கப்படும். வீடுதோறும் அச்சு நூல் இல்லாத காலத்தில், ஒரு நூலைப் பலர் கூடி அனுபவிப்பதற்கும் அதன் பொருள் பற்றி வாதிடுவதற்கும் எமது சமூகம் கண்ட வழி இதுவாகும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எமது பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் என்று குறித்தபோது, இவ்வாசிப்பு முறையும் அவர் கருத்தில் இருந்திருத்தல் வேண்டும்.

இம்மரபிற் படிப்போர், பயன் சொல்வோர், கேட்போர் என மூவகையினர் உளர். முதலிரு இடங்களும் ஆண்களுக்கு உரியனவாகவே இருந்துவந்தன. பெண்கள் கேட்போர். அவர்களிலும் எல்லாச் சாதிப் பெண்களும் மண்டபத்தினுள் இருந்து கேட்டாரில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம் இது. ஆயினும் ஒரு விதிவிலக்கு உண்டு. சுன்னாகம் வரதபண்டிதர் பாடிய பிள்ளையார் கதையை, விரதகாலங்களிற் பெண்களே படித்துப் பெண்களே கேட்கும் வழக்கம் வீடுகளில் இருந்தது. என் அம்மம்மாவுக்கு அதிற் பெரும்பகுதி மனப்பாடம். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அச்செய்யுள்களுக்குப் பயனும் சொல்வார். தாம் சொல்வது ‘பயன்’ என்று அவர் ஒருபோதும் கருதியதில்லை.

பெண்கள் எழுதும் புதிய நாடகங்களை ஊரவர் கூடிப் படித்து ஆராயும் வட்டங்களைப் பற்றி எழுதப் புகுந்தபோது, புராண படனத்தில் தொடங்குவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் வாசிப்பு வட்டம் என்பதை மேனாட்டிலிருந்து வந்த புதுச் சரக்காகக் கருதும் மனப்பான்மை எம்மிடையே உள்ளது. கூடிப் படித்தல் எமக்குப் புதிதன்று. யார் படிப்பது, யாருடைய நூலைப் படிப்பது, யார் பயன் சொல்வது என்பனவே புதிய வினாக்களாம். இவ்வினாக்களைப் பருத்தித்துறையையும் அதனைச் சூழ்ந்த வடமராட்சியையும் மையமாக வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

வடமராட்சி நாடகத்துக்குப் புதிய மண் அன்று. காத்தவராயன் கூத்து இப்பகுதிக் கிராமங்களில் விடியவிடிய ஆடப்பட்டு வந்தது. நெல்லியடியில் இளைய பத்மநாதன் முதலியோர் இயங்கிய அம்பலத்தாடிகள் குழு, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யைக் காத்தவராயன் கூத்துப் பாணியிலே மேடையேற்றி, ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஊரூராகக் கொண்டுசென்றது. புலோலியிற் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும், கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பியும் நாடகத்தைப் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாக்கியவர்கள். பழந்தமிழர் சமூகத்தில் நாடகம் பெற்ற இடம் பற்றிச் சிவத்தம்பி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1981இல் நூலாயிற்று.

இத்துணை வளமுடைய மேடையிலே பெண் எங்கே நின்றாள்? காத்தவராயன் கூத்தில் முத்துமாரியாக ஆடியவர் ஆண். இசைநாடகத்தில் வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரன் முன்னே மகனை இழந்து புலம்பிய சந்திரமதி ஆண். கலையரசு சொர்ணலிங்கம் 1913ஆம் ஆண்டளவிற் கொழும்பிலே வளர்த்த இலங்கா சுபோத விலாச சபையிலும் பெண்பாத்திரங்களை ஏற்றோர் ஆண்களே. இந்தியாவிலிருந்து வந்த நாடகக் குழுக்களில் நடிகைகள் இருந்தனர். கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்ட நாடகக் குழுவொன்றை நடத்திப் பெரும் புகழீட்டியமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குரிய செய்தி. ஆனால் அப்பெண்களைப் பார்க்கப் பணங்கொடுத்துச் சென்றவர்களே, தம் வீட்டுப் பெண்கள் மேடை ஏறுவதைக் குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கருதினர். மேடையில் அழும் பெண் ஆணாக இருந்தவரை எவருக்கும் சங்கடமில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் தகும். யாழ்ப்பாணம் பெண் கல்வியிற் பின்தங்கிய பிரதேசமன்று. 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தோன்றியது. பருத்தித்துறையில் மெதடிஸ்த மிசன் பெண்களுக்கு உயர்தரப் பாடசாலை நடத்தியது. 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலை வெளியிட்டார். 1923இல் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ்மகள்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். நாவல் எழுதலாம், பத்திரிகை நடத்தலாம், ஆசிரியையாகலாம். நாடகம் மாத்திரம் இயலாது. நாவலை அறைக்குள் தனியே இருந்து எழுதி, தனியே இருப்பவர் படிக்க அனுப்பிவிடலாம். நாடகம் அவ்வாறன்று. அதற்கு இரவு ஒத்திகை வேண்டும். ஆண்களோடு ஒரே கொட்டகையில் நிற்க வேண்டும். ஊரார் கண்முன்னே உடம்பும் குரலும் வெளிப்பட வேண்டும். பெண்களின் நாடக எழுத்துப் பிந்தியமைக்குத் திறமைக் குறைவைக் காரணங்காட்டுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் இடம் இவ்விடத்திற் சிறிது விரிவாகக் கூறத்தக்கது. விபுலாநந்த அடிகளை அடுத்து இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய அவர், கல்வெட்டு மொழியில் ஆராய்ச்சி செய்த அறிஞர். அத்தகையவர் ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ ஆகிய நாடகங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே எழுதினார். அவை 1940இல் ‘நானாடகம்’ என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தினர் அவருடைய நாடகங்களை மேடையேற்றினர். எம்மைப் போன்ற தமிழ்ச் சங்கங்களுக்கு நாடகம் இரத்த உறவு என்பது இதனாற் பெறப்படும்.

செந்தமிழிற் பேசும் அரசர்களும் அரசியரும் நிறைந்த மேடையிலே வீட்டு முற்றத்துப் பேச்சு ஏறியமை சிறிய மாற்றமன்று. வீட்டு முற்றத்துப் பேச்சிற் பெரும்பங்கு பெண்களுடையது. அடுப்படியிலும் வேலிப்பொட்டிலும் கிணற்றடியிலும் வளர்ந்த சொற்களைக் கலைக்குரியனவாகப் புலோலிப் பேராசிரியர் அங்கீகரித்தார். அதனைப் பெண்ணின் கையாற் செய்வதற்குரிய கதவு அப்போதே பாதி திறந்துவிட்டது என்பது என் கருத்து. ஆயினும் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் அக்கதவால் நுழைந்தவர் அரியர்.

வாசிகசாலைகளின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. வடமராட்சியில் வாசிகசாலையோ சனசமூக நிலையமோ இல்லாத குறிச்சியைக் காண்பது அரிது. ஓலைக் கொட்டிலில் ஒரு மேசை, இரண்டு வாங்கு, அன்றைய பத்திரிகை என்று தொடங்கியவை அவை. ஈழகேசரியும் வீரகேசரியும் தினகரனும், 1959 முதல் ஈழநாடும், 1985 முதல் உதயனும் அங்கேதான் ஊரவரைச் சென்றடைந்தன. ஒருவர் உரத்துப் படிக்க ஏனையோர் அரசியல் பேசினர். ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகமும் இருந்தது. ஆனால் மாலைப்பொழுதில் வாசிகசாலை வாங்கில் உட்கார்ந்து பத்திரிகை படித்த பெண்ணைப் பற்றி ஊரில் எவரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள். பெண்களுக்குரிய பகுதியை அண்ணனோ தம்பியோ வீட்டுக்கு இரவல் எடுத்துவந்தான். தனியே படிக்கக் கிடைத்தது. கூடிப் பேசக் கிடைக்கவில்லை. நூல்களைத் தந்த நூலகங்களும் நிலைக்கவில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் நூலகம் 1984 செப்டெம்பரில் எரிந்தது.

பெண்கள் கூடிப் படித்தல் வரலாற்றுச் செய்தியாக மாறியது 1980களிலாகும். அதற்கு 1970களின் இறுதியில் நாடகத்துறையில் நிகழ்ந்த மாற்றங்கள் வழிசெய்தன. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலியோர் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினர். அதே ஆண்டளவிற் க. பாலேந்திராவின் அவைக்காற்றுக் கலைக் கழகம் தோன்றியது. அக்கழகம் மேடையேற்றிய நாடகங்களுள் ‘ஒரு பாலை வீடு’ எமது பொருளுக்கு மிக நெருங்கியது. ஸ்பானிய நாடகாசிரியர் லோர்க்கா 1936இல் எழுதியது அது. விதவைத் தாயொருத்தி மகள்மாரை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் கதை. அந்நாடகத்தின் பாத்திரங்கள் அனைத்தும் பெண்கள். ஆண் ஒருவன்கூட மேடைக்கு வருவதில்லை. பெண்பாத்திரத்துக்கு ஆணைத் தேடிய மேடையில் இது நிகழ்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. எனினும் எழுதியவர் ஓர் ஆண். சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரால் மேடையேற்றப்பட்டு ஊரூராகச் சென்றபோதும், சி. மௌனகுருவின் ‘சக்தி பிறக்குது’ பெண் விடுதலையையே பொருளாகக் கொண்டபோதும் இதே நிலைதான். பெண்ணின் துயர் மேடைக்கு வந்தது; அதனைச் சொல்லும் பேனா பெரும்பாலும் ஆணின் கையில் இருந்தது. இதைக் குற்றமாக நான் கூறவில்லை. அந்நாடகங்கள் இல்லையேல் பின்வந்தோர் எதைப் பார்த்துக் கற்றிருப்பர்?

இக்காலத்திலேதான் யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஆய்வு வட்டம் இயங்கியது. பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பெண்கள் கூடிப் படித்தும் விவாதித்தும் எழுதியும் வந்த வட்டம் அது. 1986இல் அவ்வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதி பத்துப் பெண்களின் கவிதைகளைக் கொண்டது. சித்ரலேகா மௌனகுருவின் முன்னுரையோடு அது வெளிவந்தது. அ. சங்கரி, சிவரமணி, ஔவை, ஊர்வசி, மைத்ரேயி முதலியோர் அதில் எழுதினர். ஈழத்துப் பெண் கவிதையின் வரலாறு எழுதுவோர் எவரும் அத்தொகுதியைத் தவிர்த்துச் செல்லமுடியாது. சிறியதொரு வட்டம் கூடிப் படித்ததன் விளைவாக ஒரு நூல் பிறந்தது. அந்நூலால் ஒரு மரபு பிறந்தது. வாசிப்பு வட்டங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோருக்கு வேறு மறுமொழி தேவையில்லை.

ஆனால் தொகுக்கப்பட்டவை கவிதைகள். நாடகத்துக்கு அப்படியொரு தொகுதி அன்று அமையவில்லை. அமைந்திருக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்ற செல்வி என்னும் செல்வநிதி தியாகராசா கவிஞர். ‘தோழி’ என்னும் பெண்கள் இதழின் ஆசிரியர். சீதனம், பாலியல் வன்முறை ஆகிய பொருள்களில் நாடகம் உருவாக்கியவர். 1991 ஓகத்தில் விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்ட அவர் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு பென் அமைப்பின் எழுத்துச் சுதந்திர விருது அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் எங்கிருக்கிறார் என்று கேட்பதற்கே உலகத்தால் முடிந்தது. அதே 1991 மே மாதத்தில் சிவரமணி தம் கவிதைகளை எரித்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இவற்றுக்கு முன்னரே, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பெண்களிடையே பணிபுரிந்த விரிவுரையாளர் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு தலைமுறையின் உரையாடல் அறுந்துபோனது. நாடகத்தைப் பொறுத்தவரை இழப்பு இரட்டிப்பு. நினைவில் நின்ற கவிதையைத் தோழி ஒருத்தி மீள எழுதலாம். ஆடியவர்கள் சிதறிப்போனால் நாடகத்தை மீட்பவர் யார்?

இதனால் வடக்கிற் பெண்கள் நாடகம் எழுதவில்லை என்று முடிவு செய்தல் தவறாகும். அவர்கள் எழுதினார்கள், நாம் தேடாத இடத்தில் எழுதினார்கள். அவ்விடம் பாடசாலை. விழிசிட்டியைச் சேர்ந்த கோகிலா மகேந்திரன் சிறுகதையாசிரியராக அறியப்பட்ட அளவுக்கு நாடகாசிரியராக அறியப்படவில்லை. ஆனால் விஞ்ஞான ஆசிரியையாகப் பணிபுரிந்த அவர் மாணவர்க்காக எழுதி நெறிப்படுத்திய நாடகங்கள் பல. அவர் தனித்தவர் அல்லர். ஒவ்வொரு பாடசாலையிலும் பரிசளிப்பு விழாவுக்கும் ஒளிவிழாவுக்கும் வாணிவிழாவுக்கும் நாடகம் வேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு, வலயம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று படியேறும் நாடகம் வேண்டும். இவற்றை எழுதுவோர் யார்? பெரும்பாலும் தமிழோ சமயமோ படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர். இரவிரவாக எழுதுவார், பாத்திரத்துக்கேற்ற பிள்ளையைத் தேடுவார், சேலை கட்டிவிடுவார், போட்டி முடிந்ததும் சான்றிதழ் அதிபரின் அறைச் சுவரில் ஏறும். பிரதி அடுத்த ஆண்டு எவருக்கும் தேவைப்படாது.

இங்கேதான் பதிப்புப் பற்றிய கேள்வி எழுகிறது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிகளில் அண்ணாவிமார் கையிலிருந்த கூத்துப் பிரதிகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’, ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ முதலியன அவ்வாறு காப்பாற்றப்பட்டவை. அவர் சென்றிராவிட்டால், கறையான் அரித்த கொப்பிகளோடு அவையும் போயிருக்கும். அண்ணாவியார் கொப்பிக்கு ஒரு வித்தியானந்தன் கிடைத்தார். ஆசிரியையின் கொப்பிக்கு இன்னும் எவரும் கிடைக்கவில்லை. பாடசாலை நாடகந்தானே என்ற அலட்சியம் எமது ஆய்வாளரிடையே உள்ளது. அண்ணாவியார் கூத்தும் ஒருகாலத்தில் ‘படியாதவன் ஆட்டம்’ என்றுதானே ஒதுக்கப்பட்டது!

தமிழகத்து நிலை முற்றிலும் வேறன்று. அம்பை ‘பயங்கள்’, ‘ஆற்றைக் கடத்தல்’ ஆகிய நாடகங்களை எழுதினார். ஆயினும் அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவை சிறுகதைகளே. அ. மங்கை நெறிப்படுத்திய ‘ஔவை’யை எழுதியவர் கவிஞர் இன்குலாப். பெண் நெறியாளர் முன்வந்த பின்னரும் பெண்ணின் பிரதி அருமையாகவே இருந்தது. பின்னர் வ. கீதா எழுதி மங்கை நெறிப்படுத்திய ‘காலக்கனவு’ பெண்களின் வரலாற்றையே நாடகமாக்கியது. எமது நாட்டின் கிழக்கிலே மட்டக்களப்புச் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வீதி நாடகங்களாலும் ‘பெண்’ என்னும் சஞ்சிகையாலும் இப்பணியைச் செய்தது.

கடல் கடந்த எடுத்துக்காட்டு ஒன்றை இங்கே கூறாதிருக்க முடியவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே புரொவின்ஸ்டவுன் என்னும் மீன்பிடி ஊர் உள்ளது. 1915ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே கூடிய எழுத்தாளர் சிலர், தாம் எழுதிய நாடகங்களைத் தாமே ஒரு வீட்டின் முன்னறையிற் படித்தும் நடித்தும் பார்த்தனர். பின்னர் துறைமுகப் பாலத்திலிருந்த பழைய மீன்வாடி ஒன்றை அரங்காக்கினர். அவ்வட்டத்தைச் சேர்ந்த சூசன் கிளாஸ்பெல் என்னும் பெண் 1916இல் எழுதிய சிறு நாடகம் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஒரு கமக்காரன் கொல்லப்பட்டிருக்கிறான். மனைவி மீது சந்தேகம். அதிகாரிகளான ஆண்கள் வீடு முழுதும் தடயம் தேடுகிறார்கள். அவர்களோடு வந்த இரு பெண்கள் குசினியிலே இருக்கிறார்கள். கோணலாகத் தைத்த தையல், பாதி துடைத்த மேசை, கழுத்து முறிந்த சிறு குருவி ஆகியவற்றைக் கொண்டு நடந்ததை அவர்கள் அறிந்துகொள்கிறார்கள். அறிந்ததைச் சொல்லாமல் விடுகிறார்கள். பருத்தித்துறைத் துறைமுகத்தடியில் நிற்கும்போதெல்லாம் அந்த மீன்வாடி எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. எம்மிடமும் வாடிகளுக்குக் குறைவில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையில் எமது குறிச்சியின் சனசமூக நிலையத்திலே இந்நாடகத்தைப் படித்தோம். ஞாயிறு பின்னேரங்களிற் கூடும் ஏழெட்டுப் பெண்கள். மாணவிகள் மூவர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், ஏனையோர் வீட்டிலிருப்பவர். அதற்கு முன் அம்பையின் நாடகமொன்றைப் படித்திருந்தோம். கிளாஸ்பெல்லின் நாடகத்தைச் சகமாணவி ஒருத்தி வடமராட்சிப் பேச்சிலே மொழிபெயர்த்துத் தந்தாள். ஆளுக்கொரு பாத்திரமாக உரத்துப் படிப்பது எமது வழக்கம். நாடகத்தை மௌனமாகப் படித்தால் அது பாதிதான் வாசிக்கப்பட்டதாகும் என்பதை முதல் நாளே கண்டுகொண்டோம். படித்து முடிந்ததும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், தட்டைவடை சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பம் நடத்தும் அன்ரி ஒருவர் சொன்னார்: “உவையள் குசினிக்குள்ள ஒண்டுமில்லை எண்டுதானே பிள்ளை மேல் வீட்டில தேடினவை. அதுதான் உவையளுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை.” அந்நாடகம் பற்றிப் பின்னர் நான் படித்த விமரிசனங்களுள் இதனினும் சுருக்கமான பயன் சொல்லலைக் கண்டிலேன்.

வந்தவர்களிடையே எல்லாவற்றிலும் இணக்கம் இருந்ததென்று கூறமாட்டேன். அறிந்ததை மறைத்த அப்பெண்கள் செய்தது சரியோ என்று இரண்டு கிழமை வாதம் நடந்தது. ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்றனர் சிலர். சேர்த்தால் அவர்களே பயன் சொல்வார்கள், நாங்கள் மறுபடியும் கேட்போராவோம் என்றனர் சிலர். நான் முதற் கட்சியினள். ஆயினும் மற்றக் கட்சியின் அச்சம் காரணமற்றதன்று என்பதை ஆலய மண்டபம் நினைவூட்டுகிறது.

அவ்வட்டத்தில் வரும் ஆசிரியைகளுள் ஒருவர் என் பெரியம்மா. 1980களில் அவர் பாடசாலைக்காக ஐந்து நாடகங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று சீதனம் பற்றியது. அந்நாளில் மேடையில் நடித்த மாணவியின் தகப்பன் மண்டபத்தை விட்டு எழுந்து போனாராம். கொப்பிகள் ஒரு றங்குப் பெட்டியில் இருந்தன. 1987 மே 26ஆம் திகதி வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது வீட்டை விட்டு ஓடியவர்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது; மழையில் நனைந்து கொப்பிகள் களியாகிக் கிடந்தன. பெரியம்மா அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நானும் இவ்வாசிப்பு வட்டத்திலேதான் முதன்முதலில் அறிந்தேன்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் சேமித்து வருகிறது. அல்வாயிலிருந்து 2007 முதல் வெளிவரும் ‘ஜீவநதி’ எமது வாசலிலேயே நடைபெறும் முயற்சி. சேமிக்கவும் வெளியிடவும் இடம் உண்டு. சேமிப்பதற்குப் பிரதி வேண்டும். அப்பிரதி, ஓய்வூதியம் பெறும் ஆசிரியைகளின் அலுமாரிகளிலும், அதனை இழந்தோர் விடயத்தில், அன்று நடித்த பிள்ளைகளின் நினைவிலும் உள்ளது. அப்பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. அவர்களிற் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ளனர். வாசிப்பு வட்டம் அச்சிட்ட நூலை மாத்திரம் எதிர்பார்த்திருந்தால் பெண்களின் நாடகம் என்று படிப்பதற்கு எமக்கு நாலைந்து நூல்களே கிடைக்கும். எமது வட்டம் இப்போது வேறு வழியிற் செல்கிறது.

சீதன நாடகத்தை மீள எழுதத் தொடங்கியிருக்கிறோம். தாயாக நடித்தவர் தும்பளையில் இருக்கிறார். தரகராக நடித்தவர் தொலைபேசியிற் கனடாவிலிருந்து தம் வசனங்களைச் சொன்னார், இடையிடையே அழுதார், பெரும்பாலும் சிரித்தார். மணமகளாக நடித்தவர் இப்போது உயிரோடு இல்லை. அவளுடைய வசனங்களைப் பெரியம்மாவிடம் கேட்டோம். எழுதியவர் தாமே எனினும் அவருக்கு மூன்று வரிகளுக்கு மேல் நினைவில்லை. மற்றவர்களுடைய வசனங்களை எழுதி, நடுவே அவளுக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு, சென்ற மாதம் உரத்துப் படித்தோம். தரகர் கேட்கும் கேள்விக்குப் பின்னர் வெற்றிடம் வந்தபோது பெரியம்மா கையை உயர்த்தி எம்மை நிறுத்தினார். சிறிது யோசித்தபின், “அப்ப எழுதினது வேண்டாம். அவள் இப்ப என்ன சொல்லுவாளெண்டு நான் வேற எழுதித்தாறன்,” என்றார். அடுத்த ஞாயிறுக்குள் அந்தப் பக்கம் வரும் என்று காத்திருக்கிறோம்.